எதுவும் வேண்டாம் என்கிற அப்பாவுக்குத் தீபாவளிக்கு என்ன கொடுப்பது?

தென்காசி மகள்:
அப்பாவுக்கு 74 வயது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்று, தென்காசியில் அம்மாவோடு இருக்கிறார். நான் பெங்களூரில். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்பேன். "எனக்கு எதுக்கும்மா, பிள்ளைகளுக்கு எடு" என்பார். போன முறை ஊருக்குப் போனபோது பீரோவைத் திறந்தேன். மூன்று வருஷமாக நான் எடுத்துக் கொடுத்த சட்டைகள் அப்படியே அடுக்கி இருந்தன. காலரில் குண்டூசிகூட எடுக்கவில்லை. பக்கத்தில் மஞ்சள் பொட்டு. சாமி முன்னால் வைத்து எடுத்து, திரும்ப மடித்து வைத்திருக்கிறார். அண்ணன் கொடுத்த ஸ்மார்ட்வாட்சும் பெட்டியோடு அங்கேதான் இருக்கிறது. அவர் தினமும் கையில் எடுக்கிற மாதிரி ஏதாவது கொடுக்க ஆசை. 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். யோசனை சொல்லுங்களேன்.

பாளை வாசகி:
மதியம் தரையில் படுக்கிறவரா? அப்படியென்றால் பத்தமடைப் பாய் வாங்குங்கள். சேரன்மகாதேவி பக்கம்தான், ஊருக்கு வரும்போது நேரில் போய் எடுக்கலாம். கோரைப் பாயின் குளுமை மெத்தையில் வராது. ஆனால் பட்டுப் பாய் வேண்டாம். அதன் நேர்த்தியைப் பார்த்ததும் அவர் சுருட்டி பீரோ மேல் வைத்துவிடுவார்.

சுந்தரி மகன்:
பணமாகக் கொடுத்துவிடுங்கள், அவரே பார்த்து வாங்கட்டும்.

தென்காசி மகள்:
கொடுத்துப் பார்த்தேன். என் மகள் பேரில் போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டார்.

பழைய ரேடியோ:
புதுசு எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் நின்றுபோன பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். என் அப்பாவும் இப்படித்தான். அவருடைய சாவி கொடுக்கிற எச்எம்டி வாட்ச் பல வருஷமாக ஓடாமல் கிடந்தது. உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டதும் ஓடியது. இப்போது காலையில் காபி குடித்ததும் அதற்குச் சாவி கொடுப்பதுதான் அவருக்கு முதல் வேலை.

தென்காசி மகள்:
அம்மாவிடம் கேட்டேன். அப்பாவிடமும் எச்எம்டி ஜனதா இருக்கிறதாம்! 1974-இல் முதல் சம்பளத்தில் வாங்கியது. நின்று பல வருஷம் ஆகியும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்து சரி செய்யலாமா?

பழைய ரேடியோ:
தெரியாமல் எடுக்காதீர்கள். காணோம் என்று தேடினால் அந்த வயதில் மனசு தாங்காது. கேட்டே வாங்குங்கள். நீங்கள் இருக்கிற ஊர்தான் அதற்கும் ஊர்: 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது பெங்களூரில்தான். 2016-இல் மத்திய அரசு அந்த நிறுவனத்தை மூட முடிவு செய்துவிட்டது. அதனால் பழைய வாட்சுகளில் கைப்பழக்கம் உள்ள ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். சாவி கொடுத்தால் முறுக்கேறுகிற மெயின்ஸ்பிரிங் சுருள் அறுந்திருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். டயலுக்குப் புது பெயிண்ட் அடிக்க மட்டும் விடாதீர்கள். மங்கியிருந்தாலும் அவர் பார்த்த முகம் அது.

தென்காசி மகள்:
நேற்று ராத்திரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "செயினை மட்டும் மாத்திரக் கூடாது, கேட்டியாம்மா" என்றார்.