மணி பிளான்ட் இலை மஞ்சளாகிறது, உரம் போடலாமா?

கேள்வி: கூடத்தில் இருப்பது ஒரே செடி, வெள்ளைப் பீங்கான் தொட்டியில். அடி இலைகள் பழுத்து உதிர்கின்றன, மண் எப்போதும் ஈரம்.

பதில் 1: உரம் இப்போது வேண்டவே வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை இல்லையென்றால் நீர் தேங்கும், வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளை வேர் நல்லது. இழுத்தால் தோல் உரிந்து நூலாக மிஞ்சும் பழுப்பு வேரை வெட்டிவிடுங்கள். பிறகு புதுக் கலவையில் நடுங்கள்: மண் 2 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1, பெர்லைட் (நீர் வடிய உதவும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) 1.

பதில் 2: அந்த அழகான பீங்கானை ஒதுக்காதீர்கள். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்குங்கள். தண்ணீர் விட்ட அரை மணியில் அடியில் தேங்கியதைக் கொட்டுங்கள்.

கேட்டவர்: வேர் முழுக்கப் போயிருந்தால்?

பதில் 1: கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு மூழ்கத் தண்ணீரில் வையுங்கள். 2–3 வாரத்தில் வேர்விடும்.