புதுப்பிப்பு: மரபு மருத்துவத்துக்கு மருத்துவமனையில் இடம்

தொல்குடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் பட்ட கொடுமைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், தொல்குடி நோயாளிகள் விரும்பினால் அவர்களுடைய மரபு மருத்துவர்களையும் மூத்தோரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2015-இல் கோரியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். செலவை யார் ஏற்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டத்தை 1907-இல் இயற்றி, தொல்குடியினரான மாவோரிகளின் மரபு மருத்துவர்களான தொஹுங்காக்களைக் குற்றவாளிகளாக்கிய அச்சட்டத்தை 1962 வரை நீக்காமலே வைத்திருந்த நியூசிலாந்தில், இன்று விபத்து இழப்பீட்டுக்கான அரசுக் கழகமே, காயமடைந்தவர்களின் மறுவாழ்வுக்காக, உடலைப் பிடித்துவிடும் மிரிமிரியும் கராக்கியா என்னும் வேண்டுதலும் அடங்கிய ரொங்கோவா என்னும் மாவோரி மரபு மருத்துவத்துக்கு 2020 முதல் பணம் தருகிறது. அமெரிக்காவிலும் அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ, ஒரிகன் ஆகிய மாநிலங்களில், குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு திட்டங்கள் தொல்குடி மரபு மருத்துவத்துக்குப் பணம் தர 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

பணத்தைவிட வார்டின் அன்றாட நடைமுறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே தொல்குடியினரின் தூய்மைச் சடங்குக்காக சேஜ் என்னும் மூலிகை இலையைக் கொளுத்திப் புகை காட்ட முடியாது என்பதால், புகையை வெளியேற்றும் வசதியுள்ள தனி அறை வேண்டும். மூலிகைக் கஷாயத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஏளனத்துக்கு அஞ்சி நோயாளி அதை மறைத்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தோடு அது சேர்ந்து இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும் என்பதை மருத்துவர் எச்சரிக்கவே வழியில்லாமல் போகும். ஆகவே சேர்க்கையின்போதே, கண்டிக்கும் தொனியின்றி, அதைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.