மலர்வளையம் தாமதமாகப் போய்விட்டது, இப்போது என்ன செய்வது?

கூட வேலை செய்பவரின் அப்பா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு வியாழன் காலை 10 மணிக்கு. நாங்கள் 6 பேர் சேர்ந்து, ஸ்டாண்டில் நிற்கும் பெரிய மலர்வளையம் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்தோம். அது மண்டபத்துக்குப் போனது 11:40-க்கு. எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். பூட்டிய கதவில் சாய்த்து வைத்த வளையமும், ரிப்பனில் எங்கள் 6 பேர் பெயரும் டெலிவரி போட்டோவில் பளிச்சென்று தெரிகின்றன.

கடையில் பேசினேன். பாதிப் பணம் திருப்பித் தருவார்களாம், இல்லையென்றால் அதே வளையத்தை வீட்டுக்கு அனுப்புவார்களாம். வேண்டாம் என்றேன். சடங்கு நடக்கும் இடத்துக்கானதை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு எப்படி இருக்கும்?

சரி, சின்னதாக ஒரு பூச்சாடி அனுப்பலாம் என்று பார்த்தால், கடையில் காட்டியதெல்லாம் லில்லி. அவர் வீட்டில் 2 பூனைகள். லில்லியின் மகரந்தம் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். அதையும் விட்டுவிட்டேன். அப்புறம்தான் இரங்கல் அறிவிப்பின் கடைசி வரியைக் கவனித்தேன்: "மலர்களுக்குப் பதிலாக நன்கொடை அளிக்கவும்." முதலிலேயே முழுசாகப் படித்திருக்க வேண்டும்!

நன்கொடை இன்று கட்டியாகிவிட்டது. கையால் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், 3 தாள் கிழித்தாயிற்று. அவர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். வளையம் விஷயம் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடிதத்தில் அதைச் சொல்லலாமா, சொல்லாமல் விட்டுவிடலாமா?