தூக்கிய பிக்கப்பில் டிரெய்லர் இழுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் வண்டியை 6 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 மாட்டியிருந்தார். கோயில் யானை மாதிரி நிற்கும். அந்த அழகில் மயங்கித்தான் வாங்கினேன், மறைக்கவில்லை. மனைவி ஏறுவதற்கு ஸ்டூல் கேட்டாள்.

அப்புறம் ஒரு கேம்பிங் டிரெய்லர், சாமான்களோடு 5,500 பவுண்டு. முதல் பயணம் டெக்சோமா ஏரிக்கு, யு.எஸ். 75 நெடுஞ்சாலையில் வடக்கே. ஷெர்மன் வருவதற்குள் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி இடப்பக்கம் முந்தியது. அதன் காற்று டிரெய்லரை முதலில் தள்ளியது, பிறகு தன் பக்கம் இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் வாலாட்டுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது.

கால் தானாக பிரேக்குக்குப் போகப் பார்க்கும். அழுத்தினால் முன்வண்டி தயங்க, பின்வண்டி வந்து மடங்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பிரேக் கண்ட்ரோலரின் கைநெம்புகோலை மெதுவாக நகர்த்தினேன். டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் பிடித்தன. பட்டத்துக்கு வால் போல அது பின்னால் இழுத்து நேரானது. ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்திருந்தது என் திறமை அல்ல, கை மரத்துப்போயிருந்தது.

ஓரம்கட்டிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கி முன்பாரமா பின்பாரமா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். பின்பாரமானால் நுகம் கழுத்தை விட்டு எழும்பி, கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அவர் பேரன் அதைக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டேப் பிடித்தேன். டயர் 3 அங்குலம் பெரிதானால் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். லிஃப்டோடு சேர்த்து ஏழரை. ஏழரை என்றாலே நமக்கு ஆகாது! டிரெய்லர் சமமாக நிற்க அதன் மூக்கு நுனியில் பந்தைக் கவ்வும் கப்ளர் தரையிலிருந்து 20 அங்குலத்தில் இருக்க வேண்டும். பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் என் ஹிட்ச் பந்தோ 27.5-இல். ஜெனரேட்டர், அடுப்பு, நிறைந்த தண்ணீர்த் தொட்டி எல்லாமே பின்பக்கம் வேறு. மூக்கு பந்தின் மேல் அழுத்தும் எடையைத் தனியாக நிறுத்தேன்: 430 பவுண்டு. மொத்தத்தில் 8 சதவீதம்கூட இல்லை. 10 முதல் 15 வரை வேண்டும்.

இன்னொரு கூத்து: பெரிய டயருக்கு ஏற்ப ஸ்பீடோமீட்டரை யாரும் மாற்றவில்லை. முள் 65 காட்டியபோது நான் போனது 71. பல டிரெய்லர் டயர்களுக்கு 65 மைல்தான் உச்சம்.

இப்போது பந்தைக் கீழே இறக்கும் ஆழமான டிராப் ஹிட்ச் மாட்டி, பாரத்தைப் பகிரும் கம்பிகள் போட்டு, சாமான்களை முன்னே நகர்த்தி, மூக்கு 700 பவுண்டு. டிராப் ஹிட்ச் வாங்கும்போது மட்டும் கவனம். ஆழம் கூடக் கூட அது நெம்புகோலாகி ஹிட்ச்சைத் திருகும். சில மாடல்களில் கீழ் ஓட்டைக்கு இறக்கினால் தாங்கும் எடையும் குறையும். அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

*

டென்வரிலிருந்து. அண்ணே, உங்களுக்கு வால், எனக்கு பிரேக்.

என்னுடையதும் 32-லிருந்து 35. ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அது வரைக்கும் முனகிக்கொண்டே ஏறிவிட்டது. மேற்கே சில்வர்தோர்னுக்கு இறங்கும்போது 7 சதவீதச் சரிவு. நான் கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. லாரிகள் கட்டுப்பாடு இழந்தால் ஏறி நிற்க அங்கே சரளை மேடு போட்டிருக்கிறார்கள். அதன் பலகையை அவ்வளவு பாசத்தோடு நான் பார்த்ததே இல்லை. எப்படியோ கியரை இறக்கி, அகலமான ஓரத்தில் நிறுத்திவிட்டேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

மெக்கானிக் சொன்ன கணக்கு: அச்சில் 3.73 கியர் (எண் கூடினால் இழுவை கூடும்), ஆனால் 35 டயரோடு அது 3.41 மாதிரிதான் நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவையும் குறைவு, இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் குறைவு. கம்பெனி சொல்லும் இழுவைத் திறன் அவர்கள் விற்ற உயரத்துக்கும் அவர்கள் மாட்டிய டயருக்கும்தான். 4.10 கியர் மாற்றிய பிறகு பழைய வண்டி திரும்பக் கிடைத்தது. இப்போது உச்சியைத் தொடுவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுவேன்.

*

பேக்கர்ஸ்ஃபீல்ட். என் கதை சின்னது, வெட்கக்கேடானது. கப்ளர் 2 5/16 அங்குலம், நான் மாட்டிய பந்து 2 அங்குலம். தாழ்ப்பாள் சொடுக்கென்று விழுந்தது, சரி என்று கிளம்பினேன். தெருமுனை வேகத்தடையில் கப்ளர் எகிறிக் கழன்றது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டியிருந்ததால் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் மாதிரி அதில் விழுந்தது. தூக்கிய வண்டியில் கொக்கி உயரமாக இருப்பதால் சங்கிலி எட்டாது. கண்ட வளையத்தைக் கோத்து நீட்டாதீர்கள், எடைக்கு ஏற்ற சங்கிலியே வாங்குங்கள்.

*

நான் புதுசு. முன்பக்கம் மட்டும் 2 அங்குலம் ஏற்றும் லெவலிங் கிட் போட்டிருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

*

(டல்லாஸ்) முன்பக்கம் மட்டும் என்றால் ஹிட்ச் உயரம் பெரிதாக மாறியிருக்காது தம்பி. பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட்டும் அப்படித்தான். ஹிட்ச் இருப்பது வண்டியின் அடிச்சட்டத்தில், பாடியில் இல்லை. ஆனால் டிரெய்லர் பூட்டியதும் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். ராத்திரியில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

அதோடு ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் எவ்வளவு சுமக்கலாம் என்று பாருங்கள். என்னுடையதில் 1,350 பவுண்டு. மூக்கு 700, ஹிட்ச் 100, நாங்கள் நாலு பேர் 550. கணக்கு முடிந்துவிட்டது. லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் தின்ற எடையை இன்னும் கழிக்கவே இல்லை. நாயை எங்கே உட்காரவைப்பது என்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.