காலை 6 மணிக்கே வெளிச்சம் பட்டும் தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறது, ஏன்?

நாழிகை:
தம்பிக்கு 19 வயது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் 3 மணிக்குத்தான் கண் சொக்கும். யாரும் எழுப்பாவிட்டால் 11 வரை அயர்ந்து தூங்கித் தெளிவாக எழுவான். இரண்டு வாரமாக 6 மணிக்கு அலாரம் வைத்து 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் ஒளி சிகிச்சை விளக்கின் முன் உட்காருகிறான். இப்போது தூக்கம் வர 4 மணி ஆகிறது. எங்கே பிசகு?

வைகறை:
பிசகு நேரத்தில்தான். தானாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும். அவருக்கு அது 9 மணி வாக்கில். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் மறுநாள் தூக்கத்தைச் சீக்கிரம் வரவைக்கும். அதற்கு முன் பட்டால் தாமதப்படுத்தும். 6 மணி அவர் உடலுக்கு இன்னும் நடுநிசி.

ஒரு வாரம் அலாரம் இல்லாமல் விட்டு, விழிக்கும் நேரத்தை எழுதி வையுங்கள். விழித்ததும் 30 நிமிடம் விளக்கு. பிறகு 2, 3 நாளுக்கு ஒருமுறை அலாரத்தையும் விளக்கையும் சேர்த்து அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டால் வெளிச்சம் பழையபடி தப்பான பக்கம் விழும்.

தூரத்தையும் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் மட்டும்தான் அது 10,000 லக்ஸ். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தால் மளமளவென்று குறையும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், முகத்தில் பட்டால் போதும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வீட்டுக்குள் சில நூறுதான்.

நாழிகை:
வகுப்பு 8 மணிக்கு. 9 வரை வெளிச்சம் படாமல் எப்படி?

வைகறை:
போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி, வண்டியை அவர் ஓட்டவில்லை என்றால் மட்டும். முடிந்தால் இதை விடுமுறையில் தொடங்குவதே நல்லது.

பின்னிலவு:
மெலட்டோனினை (இரவில் உடலே சுரக்கும் ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கும்) பலர் தூக்க மாத்திரை மாதிரி படுக்கும்போது போடுகிறார்கள். உடலின் தூக்கக் கடிகாரத்தை முன்னால் நகர்த்த 0.5 மில்லிகிராம் போதும். ஆனால் வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு 5, 6 மணி நேரம் முன்பு, அதாவது இரவு 9, 10 மணிக்கு. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். விழித்திரை நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் விளக்குக்கும் அவரைக் கேட்டே ஆக வேண்டும்.

சனி ஞாயிறில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விடாதீர்கள். வாரம் முழுக்கச் சேர்த்தது அந்த இரண்டு நாளில் கரைந்துவிடும்.