"பேச முடியணும்" என்றால் எத்தனை டெசிபல்?

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் பம்ப் வடிவமைப்பது என் வேலை. செனோக்கோவில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலை கேட்டது இரண்டே வரி: "பக்கத்தில் நின்று பேச முடியணும். தினமும் தண்ணீர் அடித்துக் கழுவ முடியணும்." எண் எதுவும் இல்லை.

7.5 கிலோவாட் மோட்டார், 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 2,900 சுற்று. ஒரு மீட்டரில் 83 டெசிபல். 8 மணி நேர வேலைக்கு இங்குள்ள சட்ட வரம்பான 85-ஐத் தாண்டவில்லை. ஆனால் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும்.

தேவைகளுக்கு மதிப்பெண் போட்டு அட்டவணை போட்டோம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்! அப்புறம் உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிய உறை போட்டோம். சத்தம் 9 டெசிபல் குறைந்தது, ஆனால் மோட்டார் சூடானது, கழுவும்போது நுரை தண்ணீரைக் குடித்தது. சுற்றை 1,450 ஆக்கினால் அதே இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அழுத்தம் கால்வாசிதான் வரும். பெரியது வைக்க அடிச்சட்டத்தில் இடமில்லை. வாடிக்கையாளரிடமே எண் கேட்டால், "நீங்கதானே எஞ்சினியர்" என்கிறார். நியாயம்தான்.

மூன்று வாரத்தில் வரைபடத்தை முடிக்க வேண்டும். இப்படி வாய்வார்த்தையாக வந்த தேவைக்கு, எத்தனை டெசிபல், எந்தத் தூரத்தில், எந்த ஓட்டத்தில் அளப்பது என்பதை வாடிக்கையாளரோடு எப்படி முடிவு செய்து கையெழுத்து வாங்கினீர்கள்?