18 முடிந்த மகனுக்கு கார்டியன்ஷிப் வாங்கத்தான் வேண்டுமா?

மதுரை அம்மா:
வணக்கம். என் மகனுக்கு 18 முடிந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யுடிஐடி கார்டு) இருக்கிறது. சிம்மக்கல் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு உறை ஒட்டுகிறான். பழங்காநத்தத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை தனியாகவே போகிறான். அங்கிருந்து கடை அண்ணன் ஒருவர் கூட்டிப்போவார். வாரச் சம்பளத்தை அவன் பேரிலேயே போடலாம் என்று பேங்கில் கணக்குத் தொடங்கப் போனால், கார்டியன் சான்றிதழ், அதாவது அவனுக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான பாதுகாவலர் நான் என்ற சான்றிதழ், கேட்கிறார்கள். கையெழுத்துப் போடுவான். நூறு, இருநூறு நோட்டு தெரியும், மீதிச் சில்லறைதான் புரியாது. "இப்பவே வாங்கி வை, உனக்கப்புறம் யாரு?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடுவதில்லை. ஆனால் "இது என் சம்பளம்" என்று எண்ணி எண்ணி வைக்கிறவனுக்குப் பேசும் உரிமையே இல்லை என்று நானே எழுதிக் கொடுப்பதா? வாங்கினவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி அப்பா:
அம்மா, என் மகளுக்கு 24 வயது. நாங்கள் வாங்கினோம். அவள் பேருக்கு வந்த தாத்தா வீட்டுக்காகத்தான், கணக்குக்காக அல்ல. எதற்காக என்பதுதான் முதல் கேள்வி. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். இவருக்குக் கார்டியன் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்த்தாக வேண்டும், 14ஆம் பிரிவு. கொடுத்தால் சும்மா இருக்க முடியாது: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், பிறகு வருஷா வருஷம் கணக்கு.

உங்கள் மகன் விஷயத்துக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 13ஆம் பிரிவு தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையை அவருக்கும் சமமாகத் தருகிறது. அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனுப் போட அது உதவும். இன்னொன்று. கார்டியன்ஷிப்பை உங்கள் பேரில் வாங்கினால் "உனக்கப்புறம் யாரு" என்பதற்கு அது பதில் ஆகாது. நீங்கள் இல்லாத நாளில் வேறொருவர் புதிதாக மனுப் போட வேண்டும். அந்த ஆளை இப்போதே பழக்குவதுதான் பெரிய வேலை.

கோவை, சிறப்பு ஆசிரியை:
சில்லறை புரியாவிட்டால் பரவாயில்லைங்க. "விலையை விடப் பெரிய நோட்டு கொடு, மீதியை எண்ணாமல் பர்ஸில் போடு, பில்லை வாங்கி வா" என்று ஒரே டீக்கடையில், ஒரே கடைக்காரரிடம் பழக்குங்கள். வீட்டில் அவர் கூடவே உட்கார்ந்து பில்லையும் பர்ஸையும் பாருங்கள். கணக்கு கிடைத்ததும் அதில் செலவுக்கானது மட்டும் இருக்கட்டும், மிச்சம் வைப்புத் தொகையில். ஏமாந்தாலும் சின்னதாக ஏமாறுவார். அந்த அளவுக்கு ஏமாற எல்லாருக்கும் உரிமை உண்டு, அவருக்கும் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்தாச்சா? சிகிச்சைச் செலவுக்கு ஒரு லட்சம் வரை வரும்.

மதுரை அம்மா:
அண்ணா, டீச்சர், ரொம்ப நன்றி. நிராமயா எடுக்கவில்லை, இந்த வாரமே பார்க்கிறேன். திங்கட்கிழமை பேங்கில் அவனையே பேசச் சொல்லி, நான் பக்கத்தில் நிற்கப்போகிறேன். இன்னொரு சந்தேகம்: எனக்கப்புறம் அவன் தம்பி பார்த்துக்கொள்வான் என்றுதான் வீட்டில் பேச்சு. தம்பிக்கு இப்போது 15. அவனிடம் இதைக் கேட்கும் வயது எது? உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் எப்படிக் கேட்டீர்கள்?